பொறையும் பள்ளியும்: இஸ்லாமியக் கல்வி வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

1

'சகிப்புத்தன்மை' என்ற சொல்லைத் தமிழில் வைத்துப் பேசத் தொடங்கும்போதே ஒரு சிக்கல் முளைத்துவிடுகிறது. சகித்தல், பொறுத்தல், பொறை. பொறை என்றால் பொறுமை. பொறை என்றால் சுமையும்தான். அப்படியானால் சகிப்பு நிகழும் இடத்திலெல்லாம் யாரோ ஒருவர் எதையோ சுமந்துகொண்டிருக்கிறார் என்றாகிறது. யார் அவர்? நம் வீடுகளில் 'கொஞ்சம் பொறுத்துப் போ' என்று மாமியாரிடம் யாரும் சொல்வதில்லை, மருமகளிடம்தான் சொல்கிறோம். ஊர்த்தெருவிடம் சொல்வதில்லை, சேரியிடம்தான் சொல்கிறோம். பெரும்பான்மை பொறுத்துக்கொண்டால் அது பெருந்தன்மை, சிறுபான்மை பொறுத்துக்கொண்டால் அது கடமை. இந்த ஏற்றத்தாழ்வை மறைத்துக்கொண்டுதான் சகிப்புத்தன்மை குறித்த சொல்லாடல் முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது.

இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. சகிப்பைப் பற்றி 1689இல் வெளியான ஜான் லாக்கின் கடிதத்தை ஐரோப்பியத் தாராளவாதம் தன் மூலப் பிரதியாகக் கொண்டாடுகிறது. அந்தக் கடிதமே நாத்திகரைச் சகிக்க முடியாது என்று வெளியே நிறுத்திவிட்டது. வேறோர் ஆட்சியாளருக்கு மத அடிப்படையில் கட்டுப்பட்டவர்களையும் சந்தேகத்தோடுதான் பார்த்தது. சகிப்பின் வட்டத்தை வரைபவன் எப்போதும் வட்டத்தின் நடுவில் நிற்கிறான்.

1998இல் கோவைக் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2019 ஏப்ரலில் இலங்கையில் ஈஸ்டர் ஞாயிறன்று நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் ஒரே கேள்விதான் எழுந்தது: "மதரசாவுல அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க?" கேட்கக்கூடாத கேள்வி என்று இதைத் தள்ளிவிட முடியாது. எந்தக் கல்வி நிறுவனத்தைப் பார்த்தும் சமூகம் இப்படிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் 1997 நவம்பர், டிசம்பரில் அதே கோவையில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டபோது, கொன்றவர்கள் எந்தப் பள்ளியில் படித்தார்கள், அங்கே வரலாற்றுப் பாடம் எப்படி நடத்தப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை. கேள்வி நியாயமானதுதான், அது விசாரிக்கும் திசைதான் நியாயமற்றதாக இருக்கிறது.

இதற்கு வழக்கமாக வருகிற பதிலும் போதாது. குர்ஆனிலிருந்து நான்கு வசனங்களை எடுத்து நீட்டி, 'பாருங்க, எங்க மார்க்கம் அன்பைத்தான் போதிக்குது' என்கிறார்கள். எதிர்த்தரப்பு வேறு நான்கு வசனங்களை எடுத்து நீட்டுகிறது. வசனங்களுக்குள் நடக்கும் இந்தச் சண்டையில் வரலாறு காணாமல் போய்விடுகிறது. பிரதி என்ன சொல்கிறது என்பதோடு, அந்தப் பிரதியை யார், எந்த மொழியில், யார் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சகிப்பு பாடப்புத்தகத்தில் இருக்கிறதா, பெஞ்சில் இருக்கிறதா? இந்தக் கட்டுரையின் கேள்வி இதுதான்.

2

மதத்தின் பெயரால் நடத்தப்படும் கல்வி என்றதும் சந்தேகம் முஸ்லிம்மீது மட்டும் விழுவது எவ்வளவு வினோதம் என்பதை வாழவந்தி நாட்டிலிருந்து பார்த்தால் விளங்கும். கொல்லிமலையில் ஊர்களின் தொகுதியை இன்றும் 'நாடு' என்றுதான் சொல்கிறார்கள். மலையாளிப் பழங்குடிகள் வாழும் வாழவந்தியை இருப்பிடமாகக் கொண்டு 1910களில் ஜெசி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கில மிஷனரித் தம்பதி வேலை செய்தார்கள். மருந்து கொடுத்தார்கள், எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், கூடவே தங்கள் மதத்தையும் சொன்னார்கள். ஜெசி பிராண்ட் 1929இல் காய்ச்சலில் இறந்தார். 1914இல் பிறந்த அவர்களுடைய மகன் பால் பிராண்ட், பிற்பாடு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் விரியவைத்து உலகப் புகழ்பெற்றார்.

மலைமக்கள் இந்தக் கல்வியை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதை மிஷனின் பார்வையில் மட்டும் எழுதிவிட முடியாது. நாட்டார் சாமிகளும் அறப்பளீஸ்வரரும் இருந்த மலைக்குள் ஒரு புது தெய்வத்தோடு சேர்ந்துதான் சிலேட்டும் ஏறியது. எழுத்தை வாங்கிக்கொள்வதும் சாமியை மாற்றிக்கொள்வதும் வேறுவேறு காரியங்கள் என்பது சாதாரண மக்களுக்கு நன்றாகவே தெரியும். தமிழ்நாட்டில் கிறித்தவப் பள்ளிகளில் படித்த இந்துக்களும் முஸ்லிம்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். மத நிறுவனம் நடத்தும் கல்வி என்பதாலேயே அது மூடுண்டது என்றோ, அரசு நடத்தும் கல்வி என்பதாலேயே அது திறந்தது என்றோ முடிவுகட்ட வழியில்லை.

பால் பிராண்ட் போய்ச்சேர்ந்த அதே வேலூரில்தான் தென்னாட்டின் புகழ்பெற்ற அரபு மதரசாவான பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும் இருக்கிறது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நாம் பொதுச் சொத்தாகப் பார்க்கிறோம், மதரசாவைப் புதிராகப் பார்க்கிறோம். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

3

'பள்ளி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சமண முனிவர் படுத்திருந்த குகை பள்ளி. பௌத்தரின் இடமும் பள்ளி. முஸ்லிம்கள் தொழும் இடம் பள்ளிவாசல். பிள்ளைகள் படிக்கும் இடம் பள்ளிக்கூடம். சமணத்துக்கும் பௌத்தத்துக்கும் விடப்பட்ட மானியத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத் திருப்புல்லாணிக் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப் பட்டினத்தில் இருந்த சோனகர் பள்ளிக்கும் மானியம் விடப்பட்டதைச் சொல்கிறது. வந்தவர் வழிபடும் இடத்துக்குப் புதுச்சொல் தேடாமல், ஏற்கெனவே இருந்த சொல்லையே தமிழ் கொடுத்திருக்கிறது. இதை உடனே 'தமிழர் பண்பாட்டின் பெருமை' என்று கொடி ஏற்றிவிட வேண்டாம். அந்தச் சொல்லைத் தந்த சமணம் இந்த மண்ணிலிருந்து எப்படி அகற்றப்பட்டது என்பதும் நமக்குத் தெரியும்.

17ஆம் நூற்றாண்டில் சீறாப்புராணம் எழுதிய உமறுப்புலவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவர் என்பது மரபு. நபியின் வரலாற்றுக்கான அரபு மூலங்களை விளக்கித் தந்தவர் கீழக்கரையைச் சேர்ந்த சதக்கத்துல்லா அப்பா என்பதும் மரபு. யாப்பு ஓர் ஆசிரியரிடம், பொருள் இன்னோர் ஆசிரியரிடம். இரண்டு ஆசிரியரும் இல்லாமல் அந்தக் காப்பியம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் குணங்குடி மஸ்தான் சாகிபுவின் மாணவர்களிலும் அவரைப் பாடியவர்களிலும் சைவப் புலவர்கள் இருந்தார்கள். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) சங்கரநாராயண அண்ணாவியிடம் தமிழ் கற்றவர். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று சைவர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டபோது, அருட்பா பக்கம் நின்று மேடையேறி வாதாடியவர் இந்த முஸ்லிம் புலவர். சைவ மேடையில் ஒரு முஸ்லிமின் வாதம் செல்லுபடியானதற்குக் காரணம், இலக்கணம் என்கிற பொதுக் கருவி இரு தரப்பிடமும் இருந்ததுதான்.

இங்கே நடந்தது ஒருவரை ஒருவர் 'சகித்துக்கொண்டது' அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒரு வித்தை தேவைப்பட்டது. தேவை இருக்கும் இடத்தில் சகிப்பு என்ற சொல்லுக்கே வேலை இல்லை.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இந்தப் பரிமாற்றம் பெரும்பாலும் புலவர்களுக்கும் புரவலர்களுக்கும் இடையில் நடந்தது. மரைக்காயர் வணிகரும் பாளையக்காரர் அரண்மனையும் இணைந்த உயரத்தில் நடந்தது. நெசவு நெய்த லெப்பைக்கும் வயலில் உழைத்த பள்ளருக்கும் அந்த அவையில் இடம் கிடையாது. நல்லிணக்க வரலாறு எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப்போய்விடுகிறார்கள்.

4

வட இந்தியாவில் இந்தத் 'தேவை' பாரசீக மொழியின் வடிவில் இருந்தது. பாரசீகம் அரசு அலுவல் மொழி. அதனால் காயஸ்தர்களும் கத்ரிகளும் மௌல்வியிடம் போய்ப் படித்தார்கள். ராம்மோகன் ராய் 1803–04 வாக்கில் எழுதிய முதல் நூல் பாரசீகத்தில், அரபு முன்னுரையோடு வந்தது. 1830களில் வங்காளத்திலும் பீகாரிலும் வில்லியம் ஆடம் நடத்திய ஆய்வு, பாரசீகப் பள்ளிகளில் இந்து மாணவர்கள் பெருந்தொகையாகப் படித்ததைப் பதிவு செய்கிறது. அந்த வழக்கம் அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டு வந்தது. பிரேம்சந்தும் ராஜேந்திர பிரசாத்தும் தொடக்கக் கல்வியை மௌல்வியிடம்தான் பெற்றார்கள்.

1837இல் கும்பினி அரசு பாரசீகத்தை அலுவல் மொழி இடத்திலிருந்து இறக்கியது. மௌல்வியின் வகுப்புக்கு இந்துப் பிள்ளைகள் வருவதற்கான பொருளியல் காரணம் கொஞ்சம்கொஞ்சமாக அற்றுப்போனது. தெற்கே ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பெயரும் 1855இல் முடிந்தது. அதன் பிறகு மதரசாவில் மிஞ்சியது என்ன? லக்னோவின் ஃபிரங்கி மஹலில் முல்லா நிஜாமுத்தீன் 18ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய பாடத்திட்டத்தில் தர்க்கம், தத்துவம், கணிதம் எல்லாம் கனமாகவே இருந்தன. அலுவலர்களையும் நீதிபதிகளையும் உருவாக்குவதற்கான படிப்பு அது. அலுவலகம் போய்விட்டதும் அதே படிப்பு இமாமையும் ஆலிமையும் உருவாக்கும் படிப்பாகச் சுருங்கியது. ஆக, 'மதத்தை மட்டும் சொல்லித்தரும் மதரசா' என்பது இடைக்காலத்தின் எச்சம் அல்ல. நவீன காலனிய அரசு கல்வியைச் சமயக் கல்வி, உலகக் கல்வி என்று இரண்டாக அறுத்துப் போட்டபோது உண்டான துண்டு அது. தீன் ஒருபக்கம், துனியா ஒருபக்கம் என்ற பிளவை முஸ்லிம் தலைமையும் தன் பங்குக்கு இறுகப் பிடித்துக்கொண்டது.

சென்னை மாகாணத்தில் இந்த அறுவையின் முதல் கோட்டைக் காகிதத்தில் பார்க்க முடிகிறது. 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ பள்ளிகளைப் பற்றிக் கணக்குக் கேட்டார். கலெக்டர்கள் நிரப்பிய படிவத்தில் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முசல்மான் என்று கட்டங்கள் இருந்தன. யார் எதைப் படிக்கிறார் என்பதைவிட யார் எந்தக் கட்டத்தில் விழுகிறார் என்பது அரசுக்கு முக்கியமாகிவிட்டது. பகுத்து, எண்ணி, ஆளுகிற அதிகாரத்தின் கண்ணுக்குப் பள்ளிக்கூடம் முதன்முதலாகத் தெரிந்த விதம் இது. அந்தக் கட்டங்களுக்குள்தான் நாம் இன்றும் உட்கார்ந்திருக்கிறோம்.

5

தமிழ் முஸ்லிம் கல்வி வரலாற்றை வெறுமே காலனிய அரசின்மேல் பழி போட்டு முடித்துவிட முடியாது. உள்ளுக்குள் நடந்த சண்டைகளும் இருக்கின்றன. அவற்றில் முதன்மையானது மொழிச் சண்டை.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்துகளால் தமிழை எழுதி, சட்டமும் ஒழுக்கமும் சொல்லிக்கொடுத்தார்கள். ஓதப் போன பெண்பிள்ளைகளுக்கும் அது எட்டியது. ஆனால் அந்த எழுத்து அடுத்த தெருக்காரர் படிக்க முடியாத எழுத்து. உள்ளே அறிவைப் பரப்பிய அதே சுவர் வெளியே மறைப்பாகவும் நின்றது. வேலூர்ப் பக்கம் உருதுவின் செல்வாக்கு. குர்ஆனைத் தமிழில் பெயர்ப்பது தகுமா, வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தைத் தமிழில் செய்யலாமா என்பதெல்லாம் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கடுமையான விவாதங்கள். 'தாருல் இஸ்லாம்' நடத்திய பா. தாவுத்ஷா தமிழில் குத்பா வேண்டும் என்று எழுதி எதிர்ப்பைச் சம்பாதித்தார். பாக்கியாத்தில் பட்டம் பெற்ற அப்துல் ஹமீத் பாகவியின் தமிழ்க் குர்ஆன் 1949இல் முழுமையாக வெளிவந்தது. மதரசா எதிர்ப்பாளர் ஒருவர் வெளியிலிருந்து செய்த வேலை அல்ல இது, மதரசாவில் விளைந்தவரே செய்தது. தமிழில் வந்த பிறகுதான் அந்த நூல் பக்கத்து வீட்டுக்காரரும் எடுத்துப் படித்துக் கேள்வி கேட்கக்கூடிய ஒன்றானது.

இரண்டாவது, பள்ளிக்கூடத்துக்கே எதிரான தடை. தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) ஊருக்குள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருவதைக் கண்டு நடுங்கும் முதலாளித்தனத்தை உரித்துக் காட்டியது. அங்கே மதம் அதிகாரத்தின் சட்டை. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) வயதுக்கு வந்ததும் படிப்பு நிறுத்தப்படும் பெண்களின் உலகத்தைத் திறந்தது. சொந்த வீட்டுப் பெண்பிள்ளைக்குப் புத்தகத்தைச் சகித்துக்கொள்ளாத சமூகம் வெளியே சகிப்பைக் கோரும்போது அதன் குரல் தழுதழுக்கத்தான் செய்யும். இதைச் சொல்வது எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லாமல் விடுவதுதான் ஆயுதம் கொடுப்பது.

மூன்றாவது, இவற்றையெல்லாம் மீறி எழுந்த நிறுவனங்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி (1919), சென்னை புதுக்கல்லூரி (1951), திருச்சி ஜமால் முகமது கல்லூரி (1951) ஆகியவற்றை முஸ்லிம் வணிகர்களும் தோல் வியாபாரிகளும் பணம்போட்டு எழுப்பினார்கள். வகுப்பறையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். வாணியம்பாடியில் அப்துல் ரகுமான் தமிழ் நடத்தினார். புதுக்கல்லூரியில் தமிழ் நடத்தியவர் இன்குலாப். கீழவெண்மணியின் நெருப்பைத் தன் மொழியில் ஏந்திய மார்க்சியர், கடவுளை ஏற்காதவர். லாக்கின் வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நாத்திகர், ஒரு முஸ்லிம் நிறுவனத்தின் வகுப்பறைக்குள் கரும்பலகையின் முன்னால் நின்றார். 'முஸ்லிம் கல்வி மூடுண்டது' என்று பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

பெஞ்சு என்று சொன்னேன். அப்துல் கலாம் தன் வரலாற்றில் எழுதிய ஒரு சம்பவம் பலருக்கும் தெரியும். ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில், கோயில் குருக்களின் மகன் பக்கத்தில் தொப்பி போட்ட பையன் உட்காரக் கூடாது என்று புதிதாக வந்த ஆசிரியர் அவரைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புகிறார். குருக்கள் லட்சுமண சாஸ்திரி ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறார். இதை நல்லிணக்கக் கதையாகத்தான் எங்கும் சொல்கிறோம். கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். விரட்டியது மதரசா அல்ல, பொதுப் பள்ளிக்கூடம். அந்தப் பையன் காலையில் ஓதப் போய்விட்டு வந்து, அதன் பிறகுதான் அந்த பெஞ்சில் உட்கார்ந்தான். அரபுப் பள்ளி அவனைப் பக்கத்துப் பையனிடமிருந்து பிரிக்கவில்லை. பொதுக் கல்வியின் ஆசிரியர் பிரித்தார். இன்னொன்று: பெரிய குருக்கள் தலையிட்டதால் அது சரியானது. தலையிட ஒரு குருக்கள் இல்லாத ஊர்களில், சேரிப் பிள்ளைகள் காலகாலமாக உட்கார்ந்த கடைசி பெஞ்சை யார் கேட்டார்கள்? 1981இல் மீனாட்சிபுரத்தில் தலித்துகள் இஸ்லாத்துக்குப் போனபோது நாடே பெட்ரோ டாலர் என்று கூச்சல் போட்டது. பக்கத்தில் உட்கார ஓர் இடம் தேடிப் போனார்கள் என்று சொல்ல ஆள் குறைவாக இருந்தது.

6

கடல் தாண்டினால் இதே கேள்விக்கு வேறு மாதிரியான பதில் கிடைக்கிறது. இலங்கையில் சித்திலெப்பை (1838–1898) 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். அரபு மட்டும் போதாது, தமிழும் ஆங்கிலமும் வேண்டும் என்று வாதாடினார். 1892இல் கொழும்பில் அவர் முன்நின்று தொடங்கிய மதரசாதான் பின்னாளில் சாஹிராக் கல்லூரி ஆனது. அதன் அதிபராக 1948 முதல் 1961 வரை இருந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர். அந்தச் சாஹிராவில் படித்துப் பின்பு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர் கார்த்திகேசு சிவத்தம்பி. இந்துக் கல்லூரியில் ஒரு முஸ்லிம், முஸ்லிம் கல்லூரியில் ஓர் இந்து. தமிழ்ச் சிந்தனைக்கு இரண்டு பேருமே கிடைத்தார்கள்.

1960–61இல் உதவிபெறும் பள்ளிகளை அரசு கையேற்றது. அதன்பின் சிங்களப் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்ற பகுப்பு அரசு அமைப்பிலேயே உறைந்தது. முஸ்லிம்களின் கல்வி இதனால் வளர்ந்தது, குறிப்பாகக் கிழக்கில் ஆசிரியர்களும் பட்டதாரிகளும் பெருகினார்கள். தமிழ் ஆதிக்கப் பள்ளிகளில் கிடைக்காத மரியாதை தனிப் பள்ளியில் கிடைத்தது என்பதும் உண்மை. ஆனால் ஒரே மொழி பேசும் பிள்ளைகள் தனித்தனிப் பள்ளிகளில் வளர்ந்தார்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை மொத்தமாக வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். அஸீஸ் பிறந்த யாழ்ப்பாணமும் அதில் அடக்கம். தனிப் பள்ளிகள்தாம் இதற்குக் காரணம் என்று சொன்னால் அது அபத்தம், காரணம் துப்பாக்கி ஏந்திய அரசியல். ஆனால் அந்த அரசியல் வந்தபோது, 'இவன் என் பெஞ்சுக்காரன்' என்று எழுந்து நிற்கக்கூடிய ஒரு தலைமுறை மெலிந்துபோயிருந்தது என்பதை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

2019 குண்டுவெடிப்பை வழிநடத்திய ஸஹ்ரான் காத்தான்குடிக்காரர். அவரை உருவாக்கியது மதரசாதான் என்று உடனே எழுதினார்கள். அவர் படித்துக்கொண்டிருந்த அரபிக் கல்லூரி, ஆசிரியர்களோடு முரண்பட்டுச் சண்டையிட்ட அவரை இடையிலேயே வெளியேற்றியிருந்தது. இது சின்ன விவரம் அல்ல. மரபான மதரசாக் கல்வியின் அடித்தளங்களில் ஒன்று 'இக்திலாஃப்', அதாவது அறிஞர்களுக்கு இடையிலான கருத்து வேறுபாடு. ஒரே கேள்விக்கு ஹனஃபி என்ன சொன்னார், ஷாஃபி என்ன சொன்னார், ஏன் வேறுபட்டார்கள், இருவருமே ஏன் மார்க்கத்துக்குள் இருக்கிறார்கள் என்பதைப் படிப்பதுதான் அந்தப் படிப்பு. கரையோர ஷாஃபிகளும் கேரள ஷாஃபிகளும் ஹனஃபிகளின் வேலூருக்குப் போய் ஓதிவிட்டு வந்தார்கள். 'சரியான விடை ஒன்றே, மற்றதெல்லாம் வழிகேடு' என்கிற மனம் இந்தப் படிப்பில் சலித்துப்போய் வெளியேறுகிற மனம். அது ஒலிநாடாவிலும் பிறகு காணொளியிலும் ஆசிரியரைத் தேடிக்கொள்கிறது. 1980களுக்குப் பிறகு தர்காவையும் சந்தனக்கூட்டையும் 'ஷிர்க்' என்று தள்ளிய சுத்திகரிப்பு, மூடநம்பிக்கையைச் சாடியது உண்மை. ஆனால் அடுத்த தெருக்காரர் வந்துபோன வாசலையும் அது கூடவே அடைத்தது.

7

சச்சார் குழு 2006இல் சொன்ன கணக்கு நினைவிருக்கட்டும். பள்ளி செல்லும் வயதுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் மதரசாவில் படிப்பவர்கள் சுமார் 4 விழுக்காடுதான். மற்றவர்கள் பொதுப் பள்ளிகளில் இருக்கிறார்கள், அல்லது எந்தப் பள்ளியிலும் இல்லை. ஆக முஸ்லிம் பிள்ளை சகிப்பைக் கற்பதும் கற்காததும் பெரும்பாலும் உங்கள் பிள்ளையும் என் பிள்ளையும் படிக்கிற அதே வகுப்பறையில்தான். 2020இல் அசாம் அரசு தான் நடத்திவந்த மதரசாக்களைப் பொதுப் பள்ளிகளாக்கச் சட்டம் கொண்டுவந்தது. உத்தரப்பிரதேச மதரசாச் சட்டத்தை 2024 மார்ச்சில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது, நவம்பரில் உச்சநீதிமன்றம் உயர்பட்டங்கள் தொடர்பான பகுதியை மட்டும் நீக்கிவிட்டு அதைக் காப்பாற்றியது. நாலு பேரைப் பற்றி நாடே வழக்காடிக்கொண்டிருக்கிறது. மீதித் தொண்ணூற்றாறு பேர் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்க ஆள் இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை. மதரசாவிடம்: இக்திலாஃபை மத்ஹபுகளோடு நிறுத்திக்கொள்ளாமல், அடுத்த மதத்தையும் மதமற்றவரையும் சேர்த்துப் படிக்கும் பாடமாக்க என்ன தடை? பெண்களும் அந்தப் பாடத்தை நடத்தலாமா? அரசிடம்: மன்றோவின் கட்டங்களை எப்போது அழிக்கப்போகிறீர்கள்? பொதுப் பள்ளி ஆசிரியரிடம்: சீறாப்புராணச் செய்யுள் வரும் வகுப்பில் அதை நபியின் கதையாக நடத்துகிறீர்களா, ஐந்து மதிப்பெண்ணுக்கான மனப்பாடமாக நடத்துகிறீர்களா? நம் தரப்புத் தோழர்களிடம்: சிறுபான்மைமீது தாக்குதல் நடக்கும்போது கண்டன அறிக்கை எழுதுகிறோம் சரி, நம் பிள்ளைகளை எந்தப் பள்ளியில், யார் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறோம்?

பொறை என்பது சுமை என்றால், அதை ஒரே ஆள் தலையில் ஏற்றிவைத்து அழகு பார்ப்பது அறமாகாது. இரண்டு பேராகத் தூக்கினால் கனம் பாதி. அதற்கு முதலில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.